டீக்கு நடுவே 22 மணி நேரம்

அலைனர் கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிப்பீங்க?" என்பதுதான். வாயைத் திறக்கச் சொல்வதெல்லாம் அதற்குப் பிறகு. டாக்டர் சும்மா பேச்சுக் கொடுக்கிறார் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஆளுக்கு அலைனர் சரிப்படுமா, ஒட்டுகிற கிளிப்பே நல்லதா என்கிற முடிவில் பாதியை அந்தப் பதிலை வைத்துத்தான் எடுக்கிறேன்.

பல்லில் ஒட்டிக் கம்பி மாட்டிய கிளிப், போட்டவர் நினைத்தாலும் மறந்தாலும் இரவும் பகலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். அலைனர் கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் உறை. பல்வரிசையின் மேல் கச்சிதமாக உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லை நகர்த்தும். வாயில் இருக்கும்வரைதான் அதற்கு வேலை. அதனால் நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயிலேயே இருக்க வேண்டும். மூன்று வேளைச் சாப்பாடும் பல் துலக்குவதும் மிச்சமிருக்கிற நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அதற்குள் டீ எங்கே நுழைவது?

ஆரணியில் இது சின்னக் கேள்வி இல்லை. கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிற எங்கள் ஊர் பட்டுக்கும் அரிசிக்கும் பேர் போனது. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து. அதைப் புடவையாக்குகிற உழைப்பு மட்டும் இங்கே, சைதாப்பேட்டை, கொசப்பாளையம் தெருக்களிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும், வீட்டுக்குள் போட்ட தறியில் நடக்கிறது. விடிந்ததும் உட்கார்ந்தால் கால் மிதியில், கை நாடாவில், கண் பாவில். முதுகு பிடித்துக்கொள்ளும்போது எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம்தான் டீ. தறியில் உட்காரும்முன் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, விளக்கு வைக்கிற நேரத்தில் ஒன்று. நூல் விலை ஏறியதும் கூலி ஏறாததும் பேசப்படுவது டீக்கடை பெஞ்சில்தான். நான் தறி வீட்டுப் பிள்ளை. சென்னையில் பல் மருத்துவம் படித்து, பல் சீரமைப்பில் மேற்படிப்பு முடித்துத் திரும்பி வந்தவள். டீயை விட்டுவிடுங்கள் என்று இந்த ஊரில் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னாலும் நடக்காது.

அலைனரைப் போட்டுக்கொண்டே டீ குடித்தால் என்ன என்று கேட்பவர்கள் நிறைய. அந்த உறை, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கிப் பல் அச்சின் மேல் படியவைத்துச் செய்தது. சூட்டில் வடிவம் எடுத்தது சூட்டில் வடிவம் விடும். கண்ணுக்குத் தெரியாத அளவு நெளிந்தாலும் போதும், பல்லைத் தள்ள வேண்டிய திசையில் தள்ளாது. அதைவிட எனக்குப் பயம் சர்க்கரைமேல். சாதாரணமாகப் பல்லில் படுகிற இனிப்பை எச்சில் கழுவிக்கொண்டே இருக்கும். உறைக்குள் புகுந்த டீயை எச்சில் தொட முடியாது. பல்லும் சர்க்கரையும் ஒரே டப்பாவுக்குள் மூடிவைத்ததுபோல் மணிக்கணக்கில் கிடக்கும். வரிசை நேராகிச் சொத்தை விழுந்தால் அந்தச் சிகிச்சையால் என்ன லாபம்? காபி, டீக் கறையும் சாம்பார் மஞ்சளும் உறையில் ஏறினால் போகாது என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். பச்சைத் தண்ணீர் மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் குடிக்கலாம்.

ஏன் இத்தனை மணி நேரம் என்பதற்குப் பல்லின் கட்டமைப்பில் பதில் இருக்கிறது. பல் எலும்பில் நேரடியாகப் பதிந்து நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். ஓர் அலைனர் ஒரு பல்லை நகர்த்துவது ஏறக்குறைய 0.25 மில்லிமீட்டர்தான். அந்தத் திசுவின் அகலத்தை ஒட்டிய நகர்வு அது. மெல்லிய அழுத்தம் விடாமல் இருந்தால், அழுத்தும் பக்கத்தில் எலும்பு கரைந்து வழிவிடும், இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு படியும். அவசரப்பட்டு அதிகம் அழுத்தினால் அந்த இடத்தில் இரத்த ஓட்டம் நசுங்கிப் பல் அசையாமல் நின்றுவிடும். விட்டுவிட்டு அழுத்தினால் போன பல் திரும்பி வரும். உறையை ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை மாற்றுகிறோம். சிக்கலைப் பொறுத்து இருபது முப்பது ஜோடி, சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். ஒரு உறை தன் வேலையை முடிக்காமல் அடுத்ததைப் போட்டால் அது உட்காராது. முன்பல்லின் நுனிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே ஒரு காற்று இடைவெளி தெரியும். என்னிடம் வருகிறவர் எத்தனை மணி நேரம் போட்டார் என்று நான் கேட்கவே வேண்டாம், அந்த இடைவெளி சொல்லிவிடும்.

இந்த யோசனை ஒரே நாளில் வந்ததல்ல. 1945இல் அமெரிக்காவில் கெஸ்லிங் என்ற பல் மருத்துவர், கிளிப் கழற்றிய பிறகு மிச்சமிருக்கும் சின்னக் கோணல்களைச் சரிசெய்ய ரப்பரில் ஒரு கவசம் செய்தார். அச்சிலிருந்து பற்களைப் பிரித்து மெழுகில் நேராக வைத்து, அதன்மேல் கவசத்தை வார்ப்பது அவர் முறை. இப்படித் தொடர்ச்சியாகப் பல கவசங்கள் செய்தால் பெரிய நகர்வும் முடியும் என்று அவரே எழுதியிருக்கிறார். அவ்வளவு அச்சையும் கையால் செய்ய யாரால் முடியும்? 1971இல் போனிட்ஸ், 1993இல் ஷெரிடன் என்று ஒவ்வொருவராக இந்தக் கவசத்தைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்குக்குக் கொண்டுவந்தார்கள். 1997இல் ஸ்டான்ஃபோர்டில் மேலாண்மை படித்த ஜியா சிஷ்டியும் கெல்சி வர்த்தும் கணினியில் பல்லை நகர்த்தி, ஒவ்வொரு படிக்கும் ஓர் அச்சு எடுக்கலாம் என்று நிறுவனம் தொடங்கினார்கள். இருவருமே பல் மருத்துவர்கள் இல்லை. சிஷ்டி வளர்ந்த பிறகு கிளிப் போட்டுக்கொண்டவர் என்பதால் நோயாளியின் பக்கத்திலிருந்து இது அவருக்குப் புரிந்திருக்கிறது. அவர்கள் நிறுவனத்தின் முக்கியமான காப்புரிமைகள் பல 2017 அக்டோபரில் காலாவதியாகத் தொடங்கின. அதன்பிறகு பல நிறுவனங்கள் இறங்கி, விலையும் இறங்கியது. ஆரணி மாதிரி ஊருக்கு அலைனர் வந்து சேர்ந்தது அப்படித்தான். இங்கே அதற்குப் பெயர் 'கண்ணாடிக் கிளிப்'.

விலை இறங்கியது என்று சொன்னாலும் ஒரு கைத்தறி நெசவாளி தன் பல்லுக்குச் செலவழிக்கிற தொகை இல்லை அது. கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள். சென்னையிலோ பெங்களூரிலோ கணினி வேலையில் இருக்கிறவர்கள், கல்யாணம் நிச்சயமானவர்கள், புடவைக் கடையில் நின்று பேசுகிறவர்கள். எப்போதாவது பிள்ளைகள் பெற்றவர்களை அழைத்து வருவார்கள். அப்படி வந்த ஒரு நெசவாளி எனக்கு இந்தத் தொழிலில் நிறையக் கற்றுக்கொடுத்தார்.

நாற்பதைத் தாண்டியவர். மேல் முன்பற்கள் இடைவெளி விட்டு முன்னால் சாய்ந்திருந்தன. இடப்பக்க முன்பல்லின் நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. தையல்காரர்களுக்கு வருகிற தேய்மானம் என்று பாடப்புத்தகத்தில் படித்தது. தறியில் அது எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பாவில் ஒரு இழை அறுந்தால் எட்டிப் பிடித்து, விரல் நுனியில் முறுக்கிப் பிணைத்து, மிச்ச நுனியைப் பல்லால் கடித்துத் துண்டிப்பார்கள். கத்தரியைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. என் தாத்தா, ஊடு நூலை ஓட்டுகிற நாடாவின் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சி இழையை வெளியே இழுப்பதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளிலும் இதே வழக்கம் இருந்தது. ஒரே நாடாவில் பலர் வாய் வைத்ததால் நோய் பரவுகிறது என்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1911இலும் லங்காஷயரில் 1952இலும் அதைத் தடைசெய்தார்கள். நெசவாளியின் வாயும் ஒரு கருவியாகத்தான் இருந்திருக்கிறது. அவருடைய பல்லுக்கு வைத்தியம் செய்கிறவர் இதைத் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

முதலில் ஈறைச் சுத்தம் செய்து, எக்ஸ்ரேயில் எலும்பு போதுமான அளவு இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு அந்த வெட்டைப் பல் நிறச் சிமென்டால் நிரப்பினேன். ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பல்லின் உருவம் பிறகு மாறினால் செய்து வந்த உறை ஒன்றும் பொருந்தாது. இழையைக் கடிக்கிற பழக்கம் தொடர்ந்தால் அந்த நிரப்பலும் உடையும். பல்லைப் பிடித்துத் திருப்புவதற்காக ஒட்டுகிற சின்னச் சின்னப் பொட்டுகளும் தெறிக்கும்.

"அண்ணா, இனிமே நூலப் பல்லால கடிக்கக் கூடாது."

"கை தானா வாய்க்குப் போவுது டாக்டரம்மா. முப்பது வருசமா பழகின கை."

அவர் மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ஒரு குட்டி நூல்கத்தரியைக் கயிற்றில் கட்டி, கை போகிற உயரத்தில், தறிக் காலில் தொங்கவிட்டாள்.

அடுத்து வந்தது நான் எதிர்பார்க்காத சிக்கல். அலைனரைக் கழற்ற, கடைவாய்ப் பல்லின் உள்பக்கத்தில் நகத்தைக் கொடுத்து மெல்லக் கீழே இழுக்க வேண்டும். முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தால் விரிசல் விடும். அவருக்கு நகமே இல்லை. பட்டு இழை சிக்கும் என்று தறிக்காரர்கள் நகத்தை ஒட்ட வெட்டிவைத்திருப்பார்கள். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து முயன்று, வியர்த்து, "உள்ளயே மாட்டிக்கிச்சும்மா" என்று பயந்துவிட்டார். உறையின் விளிம்பில் மாட்டி இழுக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது. அதைக் கொடுத்துப் பழக்கினேன். இப்போது யாருக்கு அலைனர் கொடுத்தாலும், என் எதிரிலேயே தடுமாறாமல் கழற்றி மாட்டும்வரை வீட்டுக்கு அனுப்புவதில்லை. நகத்தையும் பார்த்துக்கொள்கிறேன்.

டீக்கு நாங்கள் இருவரும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டோம். விடிகாலை டீயை டிபனோடு சேர்த்தார். மூன்று மணி டீயை மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு குடித்தார். விளக்கு வைக்கிற நேரத்து டீயை ராத்திரிச் சாப்பாட்டுக்கு நகர்த்தச் சொன்னபோது தூக்கம் வராது என்றார். அதனால் அதை மட்டும் அதன் நேரத்திலேயே விட்டு, பத்து நிமிடத்துக்குள் குடித்து, வாய் கொப்பளித்துத் திரும்பப் போட்டுவிட வேண்டும் என்று வைத்தோம். பதினோரு மணி டீதான் போயிற்று. ஆனால் அந்த நேரத்தில் எழுந்திருப்பதை நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். எழுந்து தெருமுனை வரை நடந்து, தண்ணீர் குடித்து, பெஞ்சில் உட்கார்ந்து பேசிவிட்டு வரட்டும். அவர் முதுகுக்கு அந்த ஓய்வு வேண்டும். பல்லுக்காக அதைப் பறிக்க எனக்கு உரிமை கிடையாது.

ஒருமுறை பக்கத்திலிருந்த ஒரு பையனிடம், அலைனரை இரண்டு நாள் கழற்றி வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இவர் குறுக்கே சொன்னார்: "பாவுல இழ அறுந்தா அப்பவே பிணைக்கணும் தம்பி. அப்புறம் பாத்துக்கலாம்னு நெய்துகினே போனா, அந்தக் குறை புடவ கடைசி வரைக்கும் வரும்." நான் எக்ஸ்ரேயை வைத்து அரை மணி நேரம் சொன்னது அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் அப்பாவும் தறிக்காரர்.

புடவைக் கடையில் வேலை பார்க்கிற பெண்களுக்கு டீயைவிடப் பேச்சுதான் பிரச்சினை. உறையின் விளிம்பு நாக்கு நுனி தொடுகிற இடத்தில் வந்து நிற்பதால் முதல் சில நாட்கள் 'ச', 'ஸ' இரண்டும் குழறும். அவர்கள் நாளெல்லாம் சொல்வதோ சாஃப்ட் சில்க், ஜரிகை, சம்கி, செல்ஃப் டிசைன். வாடிக்கையாளர் முன்னால் புடவையை விரித்துவிட்டு வாய் குழறினால் கூச்சம் வந்துவிடும், கூச்சம் வந்தால் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவார்கள். அதனால் முகூர்த்தக் கூட்டம் ஓய்ந்த நாளாகப் பார்த்துத்தான் அவர்களுக்கு முதல் உறையைக் கொடுக்கிறேன். வீட்டில் தினமும் செய்தித்தாளை உரக்கப் படிக்கச் சொல்கிறேன். பேசப் பேச நாக்கு புது இடத்தைப் பழகிக்கொள்ளும். பலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம். கழற்றி வைத்துவிட்டுப் பேசுகிறவர்களுக்குத்தான் பழகுவதே இல்லை.

வலி என்று பெரிதாக இல்லை. நெரிக்கிற மாதிரி ஓர் இறுக்கம், ஒவ்வொரு புது உறைக்கும் இரண்டு மூன்று நாள் இருக்கும். என் கீழ்வரிசை வயதோடு நெருக்கிக்கொண்டு வந்தபோது நானும் அலைனர் போட்டுக்கொண்டேன். அப்பளத்தைக் கடிக்கும்போது பல் கூசி, கண் இடுங்கியது. அதற்குப் பிறகுதான் 'லேசான இறுக்கம்' என்று நோயாளிகளிடம் சொல்வதை நிறுத்தி, அந்த இரண்டு நாளுக்குக் குழைந்த சோறும் இட்லியும் சாப்பிடுங்கள் என்று சொல்லத் தொடங்கினேன். புது உறையைப் படுக்கப்போகும் முன் மாற்றினால் கடுமையான நேரம் தூக்கத்தில் போய்விடும். மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் போதும். இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகளைத் தொடர்ந்து எடுத்தால் பல் நகர்வதே மந்தமாகும். எலும்பு கரைந்து வழிவிடத் தேவையான அதே வேதிப்பொருளை அவை தடுக்கின்றன. விளிம்பு நாக்கையோ ஈறையோ அறுத்தால் வீட்டில் வெட்டிப் பார்க்காமல் என்னிடம் கொண்டுவரச் சொல்கிறேன். இரண்டு நிமிடத்தில் மழுக்கித் தந்துவிடுவேன். கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். பற்பசையின் துகள் உறையைச் சிராய்த்து மங்கலாக்கும்.

கல்யாணப் பந்தி தனி அபாயம். இலை போட்டாயிற்று, டப்பா கைப்பையில், கைப்பை அம்மாவிடம், அம்மா மேடையில். சரி என்று அலைனரை டிஷ்யூ காகிதத்தில் சுற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள். சாப்பிட்டு எழுந்ததும் இலையோடு அதுவும் போய்விடும். மண்டபத்துப் பின்பக்கம் இலைக் குவியலைக் கிளறிவிட்டு அழுதுகொண்டே போன் செய்த பெண்கள் உண்டு. திட்டுவதால் ஒன்றும் ஆகாது. அடுத்த உறை உட்காருகிற நிலையா, முந்தியதைப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் முந்தைய உறையை ஒருபோதும் தூக்கிப் போடாதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு உண்மையில் கோபம் வருவது தபாலில் வரும் அலைனரைப் பார்க்கும்போதுதான். வீட்டிலேயே பல் அச்சு எடுத்து அனுப்பினால் பெட்டியில் உறைகள் வந்துவிடும் என்ற வியாபாரம் உலகம் முழுக்கப் பரவியது. அதில் பெரிய பெயராக இருந்த அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கடையையே மூடிவிட்டது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் ஏதோ ஒரு நிறுவனத்திடம் அப்படி வாங்கிப் போட்டுக்கொண்டு, கீழ்ப் பற்கள் ஆடுகின்றன என்று என்னிடம் வந்தான். எக்ஸ்ரேயில் எலும்பு பாதி இல்லை. பல நாளாக ஈறு நோய் இருந்திருக்கிறது. பல்லை நகர்த்தும் முன் யாராவது ஒருவர் அவன் வாயைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எலும்பைக் கரைத்து எலும்பை வளர்க்கிற சிகிச்சை இது. எலும்பு இருக்கிறதா என்று பார்க்காமல் தொடங்க யாருக்கும் துணிவு வரக் கூடாது.

எல்லோருக்கும் அலைனர் தர மாட்டேன் என்பதால் சிலருக்கு என்மேல் வருத்தம். உருண்டையான பல் ரொம்பத் திரும்பியிருந்தால், பல்லை எலும்பிலிருந்து வெளியே இழுக்க வேண்டியிருந்தால், ஒட்டுகிற கிளிப் சுலபமாகச் செய்யும் வேலையை அலைனர் திணறித் திணறிச் செய்யும். நாளெல்லாம் வெற்றிலை போடுகிறவர்களுக்கும் தர மாட்டேன். கேட்டரிங் வேலைக்குப் போய் நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிடுகிற பையன்களிடமும், கிளிப் போட்டுக்கோப்பா, செலவும் பாதிதான் என்பேன். கம்பி தெரிவது அவமானம் என்று நினைக்கிறவர்களிடம் வாதாடிப் பார்த்திருக்கிறேன், சில சமயம் தோற்றும் இருக்கிறேன். அப்போது ஒரே ஒரு நிபந்தனை வைப்பேன்: முதலில் ஒரு வாரம், கழற்றிய நேரத்தையும் போட்ட நேரத்தையும் போனில் குறித்துக்கொண்டு வரட்டும்.

கடைசி உறை முடிந்ததும் இனிப்பு வாங்கிக்கொண்டு வருவார்கள். என் வேலையில் மிகக் கடினமான பேச்சு அன்றைக்குத்தான். பல் புது இடத்துக்கு வந்துவிட்டது, ஆனால் சுற்றியுள்ள எலும்பும் நாரும் இன்னும் கெட்டிப்படவில்லை. விட்டால் பழைய இடத்துக்கே போகும். அதனால் ரிடெய்னர் என்ற உறையை முதலில் சில மாதம் நாள் முழுக்க, பிறகு இரவில் மட்டும், வருடக்கணக்கில் போட வேண்டும். அந்த நெசவாளியின் மகளும் என்னிடம் அலைனர் போட்டிருந்தாள். அவளுக்கு மாப்பிள்ளை வீடு வேலூர். சிகிச்சை முடிந்தது கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால். புது வீட்டில், ராத்திரி எல்லோர் எதிரிலும் பல்லில் எதையோ எடுத்து மாட்ட அவளுக்குக் கூச்சமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவளிடம் மட்டும் சொல்லி அனுப்பிவிடவில்லை. அடுத்த முறை மாப்பிள்ளையையும் அழைத்து வரச் சொன்னேன். இரண்டு ஜோடி ரிடெய்னர் செய்து, ஒன்று ஆரணிக்கு, ஒன்று வேலூருக்கு என்று இருவர் கையிலும் கொடுத்து, எப்படிக் கழுவுவது, எவ்வளவு நாள் போடுவது, ஏன் போடுவது என்று இருவருக்குமாகச் சொன்னேன். அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார். தன் கீழ்ப்பல்லையும் ஒருமுறை பார்த்துவிடச் சொன்னார். பார்த்தேன், முதலில் ஈறு சுத்தம் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லி, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். காலையும் மாலையும் காபி, டீ கிடையாது என்றார்.